மூன்று விரல் அகலம்

ஜெயபிரகாஷ்: இன்னும் கொஞ்சம்… இன்னும்… அண்ணே, கொட்டாவி விடற மாதிரி நல்லாத் தெறங்க.

சிங்காரவேல்: ஆஆ… ஓதுமா?

ஜெயபிரகாஷ்: பேசாதீங்க, பேசினா மூடிக்குது.

சிங்காரவேல்: நீங்கதானே தம்பி கேள்வி கேக்கறீங்க? வாயில விரலையும் வுட்டுக்கிட்டு கேள்வியும் கேட்டா நான் எதுல பேசறது?

துர்கா: கேக்கறத நிறுத்து ஜெயபிரகாஷ். எத்தன விரல் போகுது, அத சொல்லு.

ஜெயபிரகாஷ்: ஒண்ணு… ரெண்டு… மூணும் போகுது மேடம். தாராளமா.

துர்கா: யாரோட விரல்?

ஜெயபிரகாஷ்: என்… என்னோடது.

துர்கா: உன்னோடது வெண்டக்கா மாதிரி இருக்குது. அவர் வாய்க்கு அவர் விரல்தான் அளவு. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?

சிங்காரவேல்: இந்தாங்கம்மா, என் விரலு. இருவது வருஷமா சூளை வண்டியில பீங்கான் ஃபியூஸ் கட்டை அடுக்கின விரலு, தடியாத்தான் இருக்கும். இதுவே மூணும் போகுது, பாருங்க… ஆஆ…

ஜெயபிரகாஷ்: போகுது மேடம்!

சிங்காரவேல்: போவாம? வூட்டுல தெனம் கண்ணாடி முன்னால நின்னு வெச்சுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

ஜெயபிரகாஷ்: வூட்டுல பிராக்டிஸா? இது என்ன பரீட்சையாண்ணே?

சிங்காரவேல்: பரீட்சைதானே தம்பி. திங்கக்கெழம ஆபரேஷன் லிஸ்ட்டுல பேரு வரணும்னா மயக்க டாக்டரு பாஸ் போடணும். இது எம் மக எட்டாவது படிச்ச கிளாஸு. கரும்பலகைகூட அதேதான். இன்னிக்கு கேம்ப்புன்னு பெஞ்சப் போட்டு அப்பனுக்குப் பரீட்ச வெக்கறீங்க.

ஜெயபிரகாஷ்: எனக்கும் பரீட்சதாண்ணே. மயக்க மருந்துப் படிப்புல சேந்து ஆறு மாசந்தான் ஆவுது. மேடம்தான் சொல்லிக்குடுக்கறாங்க. நான் உங்களப் பாக்கறேன், அவங்க என்னப் பாக்கறாங்க.

சிங்காரவேல்: அப்ப ரெண்டு பேரும் பாஸாயிடுவோம் வுடுங்க.

துர்கா: பேச்சு போதும். அடுத்தது?

ஜெயபிரகாஷ்: நாக்கு மேடம். அண்ணே, நாக்க நல்லா வெளிய நீட்டுங்க. சத்தம் போடாம… டார்ச்சு… எரியலயே…

துர்கா: தட்டு. நல்லாத் தட்டு.

ஜெயபிரகாஷ்: ஆங், எரிஞ்சிடுச்சு. உள்நாக்கு முழுசாத் தெரியுது மேடம், தொண்டைக் குழி வரைக்கும் தெரியுது. இதவிட நல்ல வாய் இருக்க முடியாது.

சிங்காரவேல்: கேட்டீங்களாம்மா? நல்ல வாய்ங்கறாரு. எம் பொண்டாட்டி கேட்டா சிரிப்பா.

ஜெயபிரகாஷ்: பல்லெல்லாம் சரியா இருக்குதாண்ணே? ஆடறது, சொத்த, கட்டுப்பல்லு…

துர்கா: கேக்காத!

ஜெயபிரகாஷ்: மேடம்?

துர்கா: கேக்காத. பாரு. விரல வுட்டு ஒவ்வொரு பல்லா ஆட்டிப் பாரு. சொல்றத எழுதறதுக்கு ஒரு கிளார்க்கு போதும், நீ எதுக்கு?

ஜெயபிரகாஷ்: சாரி மேடம்… பாக்கறேன்… மேல் முன்பல்லு ரெண்டு இல்ல. மத்ததெல்லாம் கெட்டி. எப்பண்ணே போச்சு இது?

சிங்காரவேல்: அது… ஒரு ஆஸ்பத்திரியில. மயக்கம் குடுத்தப்ப கம்பிய வுட்டு ஒடச்சிட்டாங்க.

ஜெயபிரகாஷ்: மயக்கமா? இதுக்கு முன்னால ஆபரேஷன் ஆயிருக்குதா? ஃபாரத்துல 'இல்லை'ன்னு இருக்குதே.

சிங்காரவேல்: ஆவல தம்பி. ஆபரேஷன் ஆவல. அதான் 'இல்லை'ன்னு எழுதச் சொன்னேன்.

ஜெயபிரகாஷ்: மயக்கம் குடுத்துட்டு ஆபரேஷன் பண்ணலயா? அதெப்படி…

துர்கா: அதுக்கு அப்புறம் வரலாம். வரிசைய வுடாத. கழுத்தப் பாரு.

ஜெயபிரகாஷ்: சரி மேடம். அண்ணே, தலைய மட்டும் அண்ணாந்து மேல ஃபேனப் பாருங்க.

சிங்காரவேல்: எந்த ஃபேன? அதான் கரண்டு போயி ஒரு மணி நேரம் ஆச்சே.

ஜெயபிரகாஷ்: நின்ன ஃபேனயே பாருங்க. ஆங்… நல்லா போகுது மேடம். தாடைக்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவுல… துண்டு மறைக்குதுண்ணே.

சிங்காரவேல்: துண்டு மேலயே வெச்சுப் பாருங்க தம்பி. மெல்லிசுதான்.

ஜெயபிரகாஷ்: சரி… மூணு விரலுக்கு மேலயே வருது. கழுத்து நல்ல ஒல்லியா, நீளமா இருக்குது.

சிங்காரவேல்: பதினாலு கிலோ எறங்கிட்டேன் தம்பி, இந்த ஆறு மாசத்துல. ஒல்லிக் கழுத்துன்னா உங்களுக்கு சுளுவுதானே?

ஜெயபிரகாஷ்: எங்களுக்கு சுளுவுதான்… கண்ணு ஏன் இவ்ளோ மஞ்சளா இருக்குது?

சிங்காரவேல்: சூளை வெளிச்சத்தப் பாத்துப் பாத்து அப்படி.

துர்கா: அத சர்ஜன் பாத்துட்டார். நீ உன் வேலையப் பாரு.

ஜெயபிரகாஷ்: கீழ்ப்பல்லால மேலுதட்டக் கடிங்கண்ணே… சூப்பர். மேடம், எனக்கு ஒண்ணு புரியல. வெளிய வரிசையில தாடை உள்ள போனவங்க, கழுத்துல கட்டி இருக்கறவங்கன்னு நாலஞ்சு பேரு நிக்கறாங்க. கஷ்டமான தொண்டைய எப்படி முன்னாலயே கண்டுபுடிக்கறதுன்னு சொல்லித்தரேன்னுதான் என்னக் கூப்புட்டீங்க. இவருக்கு எல்லாமே நார்மல். இவர ஏன் குடுத்தீங்க?

சிங்காரவேல்: அப்ப நான் பாஸா தம்பி?

ஜெயபிரகாஷ்: என்னக் கேட்டா ஃபஸ்ட் கிளாஸ்.

துர்கா: துண்ட எடுத்துப் பாத்தியா?

ஜெயபிரகாஷ்: மேலயே அளந்தேனே மேடம்…

துர்கா: எடு.

சிங்காரவேல்: வேணாம்மா… வேர்வ நாத்தம் அடிக்கும்.

துர்கா: எடுக்கச் சொன்னேன்.

ஜெயபிரகாஷ்: ஒரு நிமிஷம்ணே… வுடுங்க… ஐயோ, என்ன இது?

சிங்காரவேல்: கம்பி குத்துச்சு.

ஜெயபிரகாஷ்: கம்பி குத்துனா சரியா நட்டநடுவுல, இப்படிக் குறுக்காவா குத்தும்? பக்கத்துல தையல் போட்ட தழும்பு வேற. அண்ணே, இது கழுத்துல ஓட்ட போட்டு மூச்சு குடுத்தது. உங்கள யாரோ சாகப் போறப்ப காப்பாத்தியிருக்காங்க. இத மறைச்சா எப்படிண்ணே? திங்கக்கெழம டேபிள்ல நாங்க என்ன பண்ணுவோம்? எந்த டாக்டரும் கேக்கற மொத கேள்வியே இதானே?

சிங்காரவேல்: கேக்கறாங்க தம்பி. நல்லாத்தான் கேக்கறாங்க. நானும் மொதல்ல நெசந்தான் சொன்னேன். ஆறு ஆஸ்பத்திரியில சொன்னேன்.

ஜெயபிரகாஷ்: என்ன சொன்னாங்க?

சிங்காரவேல்: லெட்டரக் குடுப்பேன். படிப்பாங்க. ஒருத்தரு படிச்சிட்டு கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கிட்டே, 'எங்ககிட்ட அவ்ளோ வசதி இல்லப்பா'ன்னாரு. ஒருத்தரு லெட்டர மடிச்சு எம் பாக்கெட்டுலயே சொருவி வுட்டு முதுகத் தட்டிக் குடுத்தாரு. தூரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனேன். கேமரா வெச்ச குழாய மூக்கு வழியா வுட்டு, முழிச்சிக்கிட்டு இருக்கறப்பவே பண்ணலாம்னாங்க. குழாயி ரிப்பேரு, மூணு மாசம் கழிச்சு வான்னாங்க. போனேன். இன்னும் மூணு மாசம்னாங்க. பித்தப்பையில கல்லு தம்பி. வலி வந்தா சூளை வண்டிக்கு அடியில சுருண்டு படுத்துக்குவேன், மேஸ்திரி கால்ல இடறிட்டுப் போவான்.

ஜெயபிரகாஷ்: என்ன லெட்டரு?

சிங்காரவேல்: அந்த மொத ஆஸ்பத்திரியில குடுத்தது. ரெண்டாயிரத்து மூணுல. இதே பித்தப்ப ஆபரேஷனுக்குத்தான் போனேன். மயக்கத்துல மூச்சு நின்னு, கழுத்தக் கிழிச்சு எழுப்பி, வயித்தத் தொடாம அனுப்பிட்டாங்க. அனுப்பறப்ப குடுத்த லெட்டரு. 'எங்க போனாலும் இதக் காட்டுங்க, இது உங்க உசுரக் காப்பாத்தும்'னாங்க. இங்கிலீஷு. என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதப் படிச்ச எவனும் என்னத் தொடல. லெட்டரக் காட்டாம ஒரு எடத்துக்குப் போனேன், கழுத்தப் பாத்துட்டாங்க. அதான் துண்டு.

ஜெயபிரகாஷ்: அந்த லெட்டரு இருக்குதா?

சிங்காரவேல்: ஒரிஜினலு கொளஞ்சியப்பர் கோயில்ல இருக்குது. இது ஜெராக்ஸு. இந்தாங்க.

ஜெயபிரகாஷ்: கோயில்லயா?

சிங்காரவேல்: தம்பிக்கு வெளியூரா? இங்க மணவாளநல்லூர்ல கொளஞ்சியப்பர் கோயிலு. நம்ம கொறையச் சீட்டுல எழுதி, சாமி காலடியில வெச்சு, முனியப்பர் வேல்ல கட்டிட்டு வந்துடணும். பிராது கட்டறதும்பாங்க. கோர்ட்டுல எழுதிக் குடுக்கற மாதிரிதான். இன்னாரு மேல இன்ன கேஸுன்னு. சாமி விசாரிச்சுத் தீர்ப்பு சொல்லும். தீந்ததும் நாமளே போயி வாபஸ் வாங்கணும், இல்லாட்டி கேஸு நடந்துக்கிட்டே இருக்கும்.

ஜெயபிரகாஷ்: அதுல போயி டாக்டர் லெட்டரோட ஒரிஜினலயா கட்டினீங்க?

சிங்காரவேல்: கேஸுக்கு ஆதாரம் வேணாமா?

ஜெயபிரகாஷ்: யார் மேல கேஸு? லெட்டர எழுதின டாக்டர் மேலயா?

சிங்காரவேல்: அத வெளிய சொல்லக் கூடாது தம்பி.

துர்கா: லெட்டரப் படி.

ஜெயபிரகாஷ்: இங்கிலீஷ்ல இருக்குது மேடம்…

துர்கா: தமிழ்ல சொல்லு. அவருக்கே இன்னும் தெரியாதே, அவரும் கேக்கட்டும்.

ஜெயபிரகாஷ்: 'இக்கடிதத்தைப் படிக்கும் மயக்க மருந்து மருத்துவருக்கு. ஒன்று, நோயாளி சிங்காரவேல், வயது முப்பத்தொன்பது. இரண்டு, பித்தப்பை அறுவைக்காக இவருக்கு முழு மயக்கம் கொடுக்கப்பட்டது. மூன்று, மூச்சுக்குழாய்க்குள் டியூப்பைச் செலுத்த மூன்று முறை முயன்றும் இயலவில்லை. வழி கண்ணுக்குத் தென்படவில்லை. நான்கு, உயிரைக் காக்க அவசரமாகக் கழுத்தில் துளையிடப்பட்டது. ஐந்து, பற்கள் சரியாக உள்ளன, கட்டுப்பல் இல்லை. ஆறு, இவருடைய தொண்டை அமைப்பு மிகக் கடினமானது. தகுந்த கருவிகள் இல்லாத இடத்தில் இவருக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டாம்.' அவ்ளோதான்.

சிங்காரவேல்: அவ்ளோதானா? இந்த ஆறு வரிக்கா அஞ்சு வருஷம்…

ஜெயபிரகாஷ்: நல்லாத்தான் எழுதியிருக்காங்கண்ணே. நம்பர் போட்டு, ஒழுங்கா. மேடம் எங்களுக்குச் சொல்லிக்குடுக்கற அதே மாதிரி. கஷ்டப்பட்டா எழுதிக் குடு, அடுத்தவன் கண்ணக் கட்டிக்கிட்டு உள்ள போவக் கூடாதும்பாங்க… ஆனா மேடம்…

துர்கா: சொல்லு.

ஜெயபிரகாஷ்: இது இவரே இல்லயே.

துர்கா: எப்படி?

ஜெயபிரகாஷ்: தொண்டை அமைப்பு கடினம்னா எங்க கடினம்? வாயி மூணு விரல் தெறக்குது. உள்நாக்கு தெரியுது. தாடை, கழுத்து எல்லாம் சரி. நான் இப்பதான் பாத்தேன். ஒடம்பு எளைச்சதால மட்டும் இவ்ளோ மாறிடாது. அப்புறம் அஞ்சாவது நம்பரு. பற்கள் சரியாம். அண்ணன் கம்பிய வுட்டு ஒடச்சாங்கங்கறாரு. ஒடச்சதையும் மறைச்சிருக்காங்க! இத எழுதின ஆளு ஒண்ணு இவர வாயத் தெறந்தே பாத்திருக்க மாட்டாரு, இல்ல எதையோ மூடி மறைக்க எழுதியிருக்காரு.

துர்கா: ரெண்டும்தான்.

ஜெயபிரகாஷ்: என்ன மேடம்?

துர்கா: கடைசியில மடிச்சிருக்குது பாரு. நிமுத்து. பேரு இருக்கும், படி.

ஜெயபிரகாஷ்: டாக்டர்… மேடம்…

துர்கா: படின்னு சொன்னேன்.

ஜெயபிரகாஷ்: டாக்டர் ரா. துர்கா.

துர்கா: அப்ப நானும் உன்ன மாதிரி படிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்.

சிங்காரவேல்: தம்பி, நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? ஒக்காருங்க. எனக்குத் தெரியும்.

துர்கா: தெரியுமா?

சிங்காரவேல்: கேம்ப் நோட்டீஸ்ல போட்டிருந்துச்சேம்மா. எம் மக பூங்கோதைக்கு அந்த லெட்டர்ல பேரு மட்டுந்தான் படிக்க வரும். நோட்டீஸப் பாத்துட்டு, 'அப்பா, லெட்டர்ல இருக்கற அதே பேருப்பா'ன்னா. அதான் வந்தேன்.

துர்கா: உள்ள வந்ததும் ஏன் சொல்லல?

சிங்காரவேல்: நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஃபாரத்துல எம் பேரப் படிச்சதும் உங்க பேனா கீழ வுழுந்துச்சு. எடுத்துக் குடுத்ததே நாந்தானே. சண்டைக்கு வரலம்மா. எழுதின கையே மாத்தி எழுதிக் குடுத்தா அடுத்தவங்க கேப்பாங்க, அவ்ளோதான். இந்த ஆளுக்குத் தொண்ட நல்லாத்தான் இருக்குதுன்னு ரெண்டு வரி. தம்பியே ஃபஸ்ட் கிளாஸ்னு சொல்லிட்டாரு.

துர்கா: உங்க பல்ல நாங்க ஒடைக்கல. ஜெயபிரகாஷ், நீயும் கேளு. இதுதான் இன்னிக்குப் பாடம். அன்னிக்கு மூணு தடவ முயற்சி பண்ணேன், உள்ள ஒண்ணுமே தெரியல. ரோஸ் கலர்ல என்னமோ மறைச்சிக்கிட்டு இருந்துச்சு. சதைன்னு நெனச்சேன். அதுக்குள்ள இவரு நீலமாயிட்டாரு. சர்ஜன் கழுத்துல ஓட்ட போட்டார். மூச்சு வந்துச்சு. அவங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நான் வாய்க்குள்ள எச்சிய உறிஞ்சி எடுத்தேன். அப்ப என் கையில வந்துச்சு. ரெண்டு முன்பல்லு, கம்பி வெச்ச ரோஸ் பிளேட்டு. கட்டுப்பல்லு. தூக்கத்துல கழண்டு தொண்டைக்குள்ள எறங்கி வழிய அடச்சிருக்குது.

ஜெயபிரகாஷ்: யாருகிட்டயும் சொல்லலயா மேடம்?

துர்கா: கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்.

ஜெயபிரகாஷ்: ஏன்?

துர்கா: மொத நாள் ஃபாரத்துல 'கட்டுப்பல் இல்லை'ன்னு டிக் போட்டது நான். டார்ச்சு அடிக்கல. வாயத் தெறக்கச் சொல்லல. நாப்பது பேரு வரிசையில இருந்தாங்க… அத வுடு, நாலு பேரு இருந்திருந்தாலும் அன்னிக்குப் பாத்திருக்க மாட்டேன். தொண்டையே கஷ்டம்னு எழுதிட்டா பல்லப் பத்தி எவனும் கேக்க மாட்டான்னு தோணுச்சு.

ஜெயபிரகாஷ்: அந்த லெட்டர வெச்சு எங்களுக்குப் பாடம் எடுத்தீங்களே மேடம். பேரு இல்லாம ஒரு லெட்டர போர்டுல எழுதிப் போட்டு, 'இப்படி எழுதணும்'னு…

துர்கா: அதே லெட்டர்தான். அடுத்த டாக்டர் கொஞ்சம் கூடுதலா ஜாக்கிரதையா இருப்பான், அதுல என்ன நஷ்டம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். யாருமே தொடாம வுட்டுடுவாங்கன்னு நெனச்சுப் பாக்கல.

சிங்காரவேல்: சரி வுடுங்கம்மா. ஆனது ஆச்சு. இப்ப மாத்தி எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, நானும் படிக்கற மாதிரி.

ஜெயபிரகாஷ்: எழுதுங்க மேடம். நான் சொல்றேன். எல்லாம் என் ஃபாரத்துல இருக்குது. இந்தாங்க பேனா.

துர்கா: 'இக்கடிதத்தைப் படிக்கும் மயக்க மருந்து மருத்துவருக்கு. ஒன்று, 2003-இல் நான் எழுதிய கடிதம் தவறானது.'

ஜெயபிரகாஷ்: ரெண்டு, வாய் அவர் விரல்லயே மூணு விரல் தெறக்குது.

துர்கா: 'இரண்டு, இவருடைய வாய் மூன்று விரல் அகலம் திறக்கிறது.'

ஜெயபிரகாஷ்: மூணு, உள்நாக்கு முழுசாத் தெரியுது. கழுத்து தடையில்லாம அசையுது. தாடையில குறை இல்ல.

துர்கா: 'மூன்று… கழுத்து தடையின்றி அசைகிறது. தாடையில் குறை இல்லை.'

ஜெயபிரகாஷ்: நாலு, அன்னிக்கு அடச்சது கட்டுப்பல்லு.

துர்கா: 'நான்கு, அன்று வழியை அடைத்தது கழற்றப்படாத கட்டுப்பல். அதைக் கவனிக்கத் தவறியவள் நான்.'

சிங்காரவேல்: அதெல்லாம் எதுக்கும்மா எழுதிக்கிட்டு…

துர்கா: இருக்கட்டும்.

ஜெயபிரகாஷ்: அஞ்சு, முன்பல் ரெண்டு இல்ல, மத்ததெல்லாம் கெட்டி. ஆறு, முழு மயக்கத்துக்கும் பித்தப்பை அறுவைக்கும் தகுதியானவர். போட்டுடுங்க மேடம். திங்கக்கெழம லிஸ்ட்டுல மொத கேஸா வெச்சுக்கலாம். நான் காலையில அஞ்சு மணிக்கே வந்துடறேன்.

சிங்காரவேல்: எம் பேரு லிஸ்ட்டுல மேலயேவா? பூங்கோதைய உள்ள கூப்புடட்டுமா? நேத்து ராத்திரியெல்லாம் எனக்கு எதுர ஒக்காந்து அதுவும் வாயத் தெறந்து மூணு விரல வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு…

ஜெயபிரகாஷ்: மேடம்? ஆறாவது நம்பரு?

துர்கா: முழு மயக்கத்துக்குத் தகுதின்னு நான் போடலாம். அறுவைக்குன்னு போட முடியாது.

ஜெயபிரகாஷ்: ஏன்? கல்லுதானே?

துர்கா: காலையில வந்ததும் இவரு குடுத்த ஸ்கேன சர்ஜன் கோவிந்தசாமி சார் பாத்துட்டார். எங்கிட்ட சொன்னார்.

சிங்காரவேல்: கல்லு பெருசாயிடுச்சாம்மா?

துர்கா: கல்லு இருந்த எடத்துல வேற கட்டி வளந்திருக்குது. கல்லீரலுக்கும் போயிடுச்சு. கத்தி வெக்கறதுல பிரயோஜனம் இல்லன்னுட்டார். அந்த மஞ்சள் அதனாலதான். எளைச்சதும்.

சிங்காரவேல்: சூளை வெளிச்சம்னுல்ல நெனச்சேன்.

ஜெயபிரகாஷ்: மேடம், தெரிஞ்சிக்கிட்டே… ஆபரேஷன் இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டே என்ன வுட்டுப் பாக்கச் சொன்னீங்களா? நான் இவருகிட்ட ஃபஸ்ட் கிளாஸ்னு…

துர்கா: எனக்குத் தெரிஞ்சிக்கணும் ஜெயபிரகாஷ். அன்னிக்கு ஒழுங்காப் பாத்திருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்னு. ஆறு மாசம் படிச்சவன் அஞ்சு நிமிஷத்துல பாத்துட்ட.

சிங்காரவேல்: ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. ரெண்டு வருஷம் முன்னால எவனாச்சும் பண்ணியிருந்தா?

துர்கா: கல்லோட போயிருக்கும்.

சிங்காரவேல்: கல்லோட.

ஜெயபிரகாஷ்: அண்ணே… தண்ணி குடிக்கறீங்களா?

சிங்காரவேல்: வேணாம் தம்பி. ஆபரேஷன் இல்லன்னா தண்ணி குடிக்கலாம் இல்ல? குடுங்க, குடிக்கறேன்… வெளிய பொண்டாட்டியும் மகளும் நிக்கறாங்க. எங்கிட்டதான் வந்து மொதல்ல கேப்பாங்க, பாஸான்னு.

துர்கா: நான் சொல்றேன் அவங்ககிட்ட.

சிங்காரவேல்: வேணாம்மா. நீங்க லெட்டர முடிச்சுக் குடுங்க. கையெழுத்துப் போடல இன்னும்.

துர்கா: இனிமே இந்த லெட்டர் எதுக்கு?

சிங்காரவேல்: பிராது வாபஸ் வாங்க. வெறுங்கையோட போயி நிக்க முடியாது. கேஸு முடிஞ்சிடுச்சுன்னு காட்டணும். உசுரு இருக்கறப்பவே வாங்கிடணும்மா, இல்லாட்டி அது புள்ள தலையில வந்து நிக்கும்.

துர்கா: வாபஸ் வாங்காதீங்க. கேஸு முடியல. என் பேர்லதானே கட்டியிருக்கீங்க? நான் செஞ்சதுக்குத்தானே? அது அங்கயே கெடக்கட்டும். அந்தப் பிளேட்டு இன்னும் என் பீரோவுலதான் இருக்குது, தூக்கிப் போட மனசு வரல. அதையும் கொண்டாந்து அந்த வேல்லயே கட்டறேன்.

சிங்காரவேல்: உங்க பேரு அதுல இல்லம்மா. நீங்க பாக்கலங்கறீங்க, சரி. ஆனா கேட்டீங்களே. மொத நாளு சாயங்காலம் கட்டிலுகிட்ட வந்து, 'கட்டுப்பல்லு எதுனா இருக்குதா'ன்னு கேட்டீங்க. பக்கத்துல எம் பொண்டாட்டி அம்புஜவல்லி நின்னுக்கிட்டு இருந்தா. சூளையில பலகை வுழுந்து பல்லு போனதும், ஸ்ரீமுஷ்ணத்துக்கு அவளப் பொண்ணு பாக்கப் போறதுக்கு மொத வாரம் கட்டிக்கிட்ட பல்லும்மா அது… அப்பவே பதினாலு வருஷமா அவளுக்குத் தெரியாது. இல்லன்னு சொன்னேன். நீங்க டிக் போட்டீங்க. எழுந்ததும் நீங்க ஒடச்சிட்டதா அவகிட்ட சொன்னேன், இன்னிக்கு வரைக்கும் உங்கள சபிச்சிக்கிட்டு இருக்கா. அந்தப் பிராதுல இருக்கறது எம் பேருதாம்மா.